தேடக் கூடாத வார்த்தைகள்

போன செவ்வாய்க்கிழமை பல்லடத்திலிருந்து திருப்பூர் போகிற தனியார் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, மடியில் துணி சாம்பிள்கள் பிதுங்கும் பை. உட்கார்ந்ததும் போனை வாய்க்கு நேரே பிடித்து, பஸ்ஸில் அலறிய பாட்டையும் மீறி, "லேடீஸ் பேண்டீஸ், யூரோப் சைஸ் சார்ட்" என்றாள். போனுக்குப் புரியவில்லை. இன்னும் உரக்கச் சொன்னாள். முன் சீட்டில் காய்கறிப் பையோடு இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். "மொள்ளச் சொல்லு கண்ணு. வெரசாச் சொன்னா அதுக்குப் புரியாது" என்று யோசனை சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான். கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் போய்க்கொண்டே இருந்தது.

திடுக்கிட்டது நான் மட்டும்தான். இதே ஊரில், இதே வார்த்தையை ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டியதற்காக அவள் அப்பாவை வேலையிலிருந்து வரவழைத்து விசாரித்ததை நேரில் பார்த்தவள் நான். பார்த்தவள் என்று மட்டும் சொன்னால் பொய். அவள் பெயரை அச்சடித்துக் கொடுத்ததே நான்தான்.

நான் சோமனூர்க்காரி. எங்கள் வீட்டில் மனிதர்கள் ஐந்து, விசைத்தறிகள் எட்டு. வீட்டில் எந்த விஷயமானாலும் கடைசி வார்த்தை தறிகளுடையதாகத்தான் இருக்கும். சத்தமில்லாத இடத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்க வேண்டும் என்பது ஒன்றே என் லட்சியமாக இருந்ததால் நூலக அறிவியல் படித்தேன். நேர்முகத் தேர்வில் மட்டும் புத்தகங்களின் மேல் சிறுவயது முதலே தீராத பற்று என்று சொன்னேன். அவர்களும் நம்பியதுபோல நடித்து, உதவி நூலகர் வேலை கொடுத்தார்கள். திருப்பூருக்குப் பக்கத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. பெயர் எதற்கு? தாளாளர் பெரிய ஏற்றுமதியாளர். அஸ்திவாரக் கல்லிலிருந்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வரை அந்தக் கல்லூரியே பனியனும் ஜட்டியும் விற்றுக் கட்டியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

நூலகர் கனகராஜ் சார். நல்ல மனிதர், ஆனால் விதிகளின் மேல் வைத்திருந்த அன்பில் கொஞ்சத்தை மனிதர்களுக்கும் மிச்சம் வைத்திருக்கலாம். திரும்பி வந்த புத்தகத்தை முகர்ந்து பார்த்து, "ஏனுங்க தம்பி, முறுக்குத் தின்னுட்டே படிச்சீங்களாட்ட இருக்குது" என்று சொல்லக்கூடியவர். அவர் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை.

போனில் இன்டர்நெட் வராத காலம் அது. அப்போது பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு நூலகமும் இணையத் தேடலுக்கு ஒரு 'கேட்வே' அமைக்க வேண்டுமாம். கனகராஜ் சார் அதை 'தகவல் நுழைவாயில்' என்று மொழிபெயர்த்து, பெயின்டரைக் கூப்பிட்டுப் பலகை எழுதவைத்தார். பலகையைப் பார்த்த கல்லூரி முதல்வர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வாசல்னு ஒண்ணு வெச்சா காவலுக்கு ஆள் வேணுமில்லீங்க?" என்றார். மறுநாளே ஒரு வாட்ச்மேன் ஸ்டூலோடு வந்துவிட்டார். உலகத்திலேயே இணையத்துக்கு லத்தியோடு காவல் போட்ட நூலகம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

நுழைவாயில் என்பது ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, எப்போதும் பசை வாசனை அடிக்கும் பச்சைக் கம்பளம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வர வேண்டும் என்பதால் பசை வாசனையோடு மாணவர்களின் சாக்ஸ் வாசனையும் ஏசிக் குளிரில் உறைந்து நிற்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். இன்றைக்கும் எந்த பேங்க் ஏசியிலாவது அந்த வாசனை அடித்தால் என் கை தானாக விண்ணப்பத்தைத் தேடும்.

ஆமாம், தேடுவதற்கு விண்ணப்பம் உண்டு. பெயர், வகுப்பு, தேட விரும்பும் சொல், தேடுவதன் நோக்கம், துறைத் தலைவர் கையெழுத்து, நூலகர் கையெழுத்து. எல்லாம் சரியாக இருந்தால் கனகராஜ் சார் ஒற்றை விரலால் அந்தச் சொல்லைத் தட்டுவார். திரையில் லட்சக்கணக்கில் முடிவுகள் இருப்பதாக வரும். அவர் முகம் வாடிவிடும், ஏனென்றால் அத்தனைக்கும் பதிவேட்டில் இடம் கிடையாது. முதல் பக்கத்தை மட்டும் அச்சடித்து, புத்தகத்துக்குப் போடுவதுபோல வரிசை எண் போட்டு, கல்லூரி முத்திரை குத்தி, பதினைந்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார். ஒரு பையன் நாள் கடந்து கொண்டுவந்ததற்கு அபராதம் கட்டியிருக்கிறான். நான்தான் ரசீது போட்டேன். சிரிக்காமல் போட்டேன் என்பதில் எனக்கு இன்னும் பெருமை உண்டு.

பிறகு யாரோ ஒரு மாணவன் யாரோ ஒரு நடிகையின் படத்தைப் பார்த்துவிட்டதாகப் புகார் வந்தது. உடனே கமிட்டி. முதல்வர், தமிழ்த்துறைத் தலைவர், கணிதத்துறைத் தலைவர் மூவரும் உறுப்பினர்கள். கேட்வேயை நிறுவிய கோயம்புத்தூர்க்காரரும் வந்திருந்தார். "எந்தெந்த வார்த்தை வேண்டாமுன்னு சொல்லுங்க சார், அடைச்சிர்றேன். யாராச்சும் தட்டுனா பேரோட பதிவாயிரும்" என்றார் அவர்.

எல்லோருக்கும் வார்த்தைகள் தெரிந்திருந்தன. யாருக்கும் வாய் வரவில்லை. காரணம் நான். என்னை வெளியே அனுப்பவும் முடியாது, ஏனென்றால் டைப் அடிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். கடைசியில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதி, நான்காக மடித்து, உறையில் போட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்கள். கணிதத்துறைத் தலைவர் ஒரு வார்த்தையில் ஓர் எழுத்தை விட்டிருந்தார். அதைத் திருத்தச் சொன்னால் எனக்கு அந்த வார்த்தை தெரியும் என்றாகிவிடும். அவர் திருத்தினால் அவருக்கு நன்றாகத் தெரியும் என்றாகிவிடும். ஆகவே அது பிழையோடே தடைசெய்யப்பட்டது. சரியான எழுத்தில் அடித்தால் கடைசிவரை திறந்தே இருந்தது. மாணவர்கள் அதை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

மாட்டிக்கொண்டவர்கள் மற்றவர்கள்தான். 'ப்ரீஃப்' என்றால் ஒரு வகை ஜட்டி; அது தடை என்பதால் வரலாற்றுத் துறைக்காரர்கள் எந்த நாட்டின் சுருக்க வரலாற்றையும் தேட முடியவில்லை. 'ஸ்ட்ரிப்' தடை என்பதால், அதே எழுத்துகளில் தொடங்கும் 'ஸ்ட்ரைப்'பும் மாட்டி, கோடு போட்ட டீ-ஷர்ட் ஆபாசமானது. 'நியூட்' என்பது எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகளில் ஒரு நிறத்தின் பெயர், அதுவும் போயிற்று. பேண்டீஸ், ப்ரா, அண்டர்வேர் எல்லாம் முதல் சீட்டிலேயே இருந்தன. ஜட்டி என்று தமிழில் சொன்னால் அது ஊரின் தொழில். அதையே ஆங்கிலத்தில் தட்டினால் ஒழுக்கக்கேடு. சனிக்கிழமைதோறும் யார் யார் எதைத் தட்டினார்கள் என்ற பட்டியலை நான் அச்சடித்து முதல்வர் மேஜைக்கு அனுப்ப வேண்டும்.

எஸ்தர் வந்தது அப்போதுதான். ஆடை வடிவமைப்புத் துறை, கடைசி வருடம். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே தூத்துக்குடிப் பக்கமிருந்து இங்கே பிழைக்க வந்த குடும்பம். அப்பா தேவசகாயம் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அம்மா செக்கிங் பிரிவில், தைத்த துணியில் குறை பார்க்கிற வேலை. எஸ்தர் மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பாள், யாரும் இல்லாவிட்டால் அக்கா.

அவள் விண்ணப்பத்தில் நோக்கம் என்ற இடத்தில், 'வேலை செய்யும் பெண்களுக்கான உள்ளாடை – இறுதியாண்டு ஆய்வு' என்று எழுதியிருந்தாள். துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார். கனகராஜ் சார் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்து, "படிப்புக்குத்தானுங்க அம்மிணி?" என்று கேட்டுவிட்டு, பச்சை மையில் 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதினார். சாப்பாட்டு நேரமானதால் அவளையே தட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு டிபன் கேரியரோடு போய்விட்டார்.

"எதுக்கு இந்தத் தலைப்பு எடுத்தே?" என்று கேட்டேன்.

"எங்கம்மா நாள் பூரா உக்காந்தே செக்கிங் பாக்காங்கக்கா. எலாஸ்டிக் படுத எடமெல்லாம் புண்ணு. எக்ஸ்போர்ட்ல கழிச்ச செகண்ட்ஸ் பீசத்தான போடுதாங்க. அது வெள்ளக்காரிக்கு வெட்டுனது, எங்கம்மாவுக்கு எப்படிச் சேரும்? ஊருக்கெல்லாம் தச்சுக் குடுக்காங்க, அவங்களுக்குப் போட்டுக்க ஒண்ணு ஒழுங்கா இல்ல."

நானும் நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவள்தான். நான் போடுவதும் செகண்ட்ஸ்தான்.

அவள் தட்டினாள். திரை சிவப்பானது. 'தடை செய்யப்பட்ட தேடல். உங்கள் பெயர் பதிவு செய்யப்பட்டது.' வேறு எழுத்தில் தட்டினாள், வேறு சொல்லில் தட்டினாள். ஒருமையில், பன்மையில், அமெரிக்க இங்கிலீஷில். "என்னக்கா இது, எதைக் கேட்டாலும் செவந்து போகுது?" என்றாள். பதினேழு முறை முயன்றாள் என்பது சனிக்கிழமை பட்டியலை எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பதினேழும் வரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, மணி நிமிடத்தோடு. யாரோ வெறிபிடித்தவளின் வாக்குமூலம் போல இருந்தது.

அவள் விண்ணப்பம் என் மேஜையிலேயே கோப்பில் இருந்தது. பட்டியலோடு அதையும் ஒரு குண்டூசி குத்தி அனுப்பியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அனுப்பவில்லை. அச்சடிப்பதுதான் என் வேலை, படிப்பதல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அந்த வார்த்தைகள் இருக்கும் காகிதத்தைப் பற்றி முதல்வரிடம் நான் வாய் திறந்து பேச வேண்டியிருக்கும். அந்த வெட்கத்துக்குப் பயந்து ஒரு பெண்ணின் பெயரைக் கொடுத்தேன். அமைதியான வேலை வேண்டும் என்றுதானே வந்தேன். நானும் அமைதியாக இருந்துகொண்டேன்.

புதன்கிழமை தேவசகாயத்தை வரச் சொல்லியிருந்தார்கள். பாதி ஷிப்டில் எழுந்து வந்திருந்தார். சட்டையில் அங்கங்கே நூல் துணுக்குகள். எஸ்தர் அவருக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்து நின்றாள். பதிவு உண்மைதான் என்று சாட்சி சொல்ல என்னையும் கனகராஜ் சாரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"உங்க பொண்ணு செய்யக் கூடாத காரியம் செஞ்சிருக்குதுங்க. பதினேழு தடவை" என்றார் முதல்வர், தன் முன்னால் கிடந்த பட்டியலைத் தட்டி.

"என்ன சார் செஞ்சா?"

"தேடக் கூடாததைத் தேடியிருக்குது."

"என்னத்தத் தேடுனா, சொல்லுங்க சார்."

முதல்வர் மின்விசிறியைப் பார்த்தார். கனகராஜ் சார் என்னைப் பார்த்தார். நான் மேஜைக் கண்ணாடியைப் பார்த்தேன். கடைசியில் முதல்வர் வழக்கம்போல ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, மடித்து நீட்டினார். தேவசகாயத்துக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை வாசித்துவிட்டார். தினமும் அவர் கையில் வருகிற லேபிளில் இருக்கும் வார்த்தை அது.

"இதா சார்?" என்றார். குரல் உயரவே இல்லை. "இத நான் இருவது வருசமாத் தைக்கேன். இதத் தச்சுத்தான் இவளுக்கு இங்க பீஸ் கட்டுதேன். அத வாங்கையில நீங்க ஒண்ணும் சொல்லலியே. இப்ப இது கெட்ட வார்த்தையா சார்?"

முதல்வர் மறுபடி மின்விசிறியைப் பார்த்தார். "அப்படின்னா டிசியக் குடுத்துருங்க. எங்கூடவே வந்து தைக்கட்டும்" என்றார் தேவசகாயம். எஸ்தர் அழ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் என் கால் நகர்ந்தது. கேட்காமலே வெளியே போய், கோப்போடு திரும்பி வந்து, அவள் விண்ணப்பத்தை முதல்வர் முன்னால் வைத்தேன். "அனுமதி வாங்கித்தான் தேடிச்சுங்க சார். இதை நான் அன்னிக்கே அனுப்பியிருக்கோணும்."

கனகராஜ் சார் என்னை முறைப்பார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாந்தானுங்க கையெழுத்துப் போட்டது. பச்சை மை என்னுதுதான்" என்றார். விதிகளைக் காதலித்தவர் தன் கையெழுத்தைக் கைவிடவில்லை. அன்றிலிருந்து அவரைக் கேலி செய்யும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்.

முதல்வர் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். பிறகு சட்டம் பேசினார். "இதுல உள்ளாடைன்னு தமிழ்ல இருக்குது. அனுமதி குடுத்தது தமிழுக்கு. பொண்ணு தேடுனது இங்கிலீஷ்ல."

தீர்ப்பு இதுதான்: கல்லூரியிலிருந்து நீக்கம் இல்லை. ஆனால் படிப்பு முடியும்வரை கண்ணாடி அறைக்குள் வரக் கூடாது. ஆய்வின் தலைப்பை 'சில வகைப் பின்னலாடைகள்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

தேவசகாயம் அந்தச் சீட்டை மடித்து மேஜையில் வைத்தார். "பத்திரமா வச்சுக்கிடுங்க சார்" என்றார். வராந்தாவில் என்னிடம் நின்று, "அந்த லிஸ்ட்ட நீங்கதான் எடுத்துக் குடுத்தியளாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"மேசையில கெடந்ததப் பாத்தேன். நல்லாத் தெளிவா அச்சாயிருக்கு" என்றார். நக்கல் இல்லை, நிஜமாகத்தான் சொன்னார். செக்கிங்கில் ஒரு பீஸைப் பார்த்துச் சொல்வதுபோல. நக்கலாகச் சொல்லியிருந்தால் நான் அன்று இரவு தூங்கியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்தரைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பலகைத் தடுப்பு, பழைய போர்வைத் துணியில் திரை. பெண்கள் போகிற இடமில்லை என்று ஊரே சொல்லும். துப்பட்டாவால் முகத்தை மூடாத குறையாக உள்ளே போய் உட்கார்ந்து எஸ்தர் தட்ட ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் திரை முழுக்க ஜட்டிகள். பின்னால் செருமல் சத்தம் கேட்டது. கடைக்காரர்.

"எந்தக் கம்பெனிங்க? வெளிநாட்டு பையர் அனுப்புன மெயிலுங்களா?" என்றார். காதில் பேனா, கையில் டீ கிளாஸ். நாங்கள் விழித்ததைப் பார்த்து அவரே குனிந்து, "இப்பிடித் தட்டுனா கடைதானுங்க வரும். கூடவே 'பேட்டர்ன்'னு ஒண்ணு சேத்துங்க. அளவுப்படம் வேணுமின்னா 'ஸ்பெக் ஷீட்'டுனு போடுங்க. இங்க வர்ற, ஆர்டர் பாக்குற மெர்ச்சண்டைசர் புள்ளைகள் எல்லாம் அப்பிடித்தான் போடும்" என்றார். மேற்கொண்டு, காற்று வரட்டும் என்று திரையையும் ஒதுக்கிவிட்டுப் போனார். இரண்டு பட்டம் வாங்கிய நூலகரும், ஒரு பட்டம் வாங்கிய நானும், மூன்று பேராசிரியர் கமிட்டியும் சேர்ந்து செய்ய முடியாத தேடல் சேவையை அவர் டீ ஆறுவதற்குள் செய்துவிட்டார். வாட்ச்மேன்கூட இல்லாமல்.

கேட்வேயில் வார்த்தைத் தடை எப்படி நீங்கியது என்று கேட்பீர்கள். நியாயத்தால் என்று நினைத்தால் நீங்கள் எங்கள் கல்லூரியில் படித்தவரில்லை. கொஞ்ச நாளில் தரமதிப்பீட்டுக் குழு வந்தது. வடக்கத்திப் பேராசிரியர்களுக்கு முன்னால் தாளாளர் தானே கண்ணாடி அறையில் உட்கார்ந்து, தன் கம்பெனியின் இணையப் பக்கத்தைக் காட்ட ஆசைப்பட்டார். யார் உட்கார்ந்தாலும் பெயரைப் பதிய வேண்டும் என்பது விதி. நான் அவர் பெயரை இனிஷியலோடு, பட்டத்தோடு, ஓர் எழுத்துப் பிழையில்லாமல் பதிந்தேன். அவர் கம்பெனிப் பெயரோடு அண்டர்வேர் என்று சேர்த்துத் தட்டினார். திரை சிவப்பானது. சிரித்துக்கொண்டே மறுபடி தட்டினார். மறுபடியும் சிவப்பு. பேராசிரியர்களில் ஒருவர் ஏசி நன்றாக வேலை செய்கிறது என்று பாராட்டினார்.

சனிக்கிழமை பட்டியலில் அந்த வாரம் ஒரே பெயர்தான். பிரிண்டருக்குப் புது ரிப்பன் மாட்டி அச்சடித்து, வழக்கம்போல முதல்வர் மேஜைக்கு அனுப்பினேன். என் வேலை அச்சடிப்பதுதானே. திங்கட்கிழமை காலை கோயம்புத்தூர்க்காரர் வந்து எல்லா வார்த்தைகளையும் எடுத்துவிட்டார். கமிட்டி கூடவில்லை. துண்டுச்சீட்டும் தேவைப்படவில்லை. எஸ்தர் மேல் இருந்த தடையை நீக்க மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவள் ஆய்வு நூலகத்துக்கு வந்தது. 'சில வகைப் பின்னலாடைகள்', காலிகோ பைண்டிங். கடைசிப் பக்கத்தில் ஒரு சாம்பிளைத் தைத்து இணைத்திருந்தாள். அவள் வெட்டி, தேவசகாயம் தைத்தது. கால் பக்கம் எலாஸ்டிக்குக்குப் பதில் அதே துணியில் அகலமான பட்டி. கனகராஜ் சார் அதைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். "துணி இருந்தா பூச்சி வருமுங்க" என்றார். பக்கத்தைக் கிழிக்காமல் தையலை மட்டும் பக்குவமாகப் பிரித்து, செய்தித்தாளில் சுற்றி, என்னிடம் நீட்டி, "என்ன பண்றதுன்னு நீயே பாத்துக்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிலுவை இல்லை என்று கையெழுத்து வாங்க எஸ்தர் வந்தபோது அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நாலு தச்சுக் குடுத்திருக்கோம்க்கா. புண்ணு ஆறிட்டு வருது" என்றாள். இரண்டு மூன்று கம்பெனிகளில் காட்டினாளாம். எந்த பையரும் கேட்கவில்லையே, இங்கே இருக்கிற பெண்களுக்காக யார் ஆர்டர் கொடுப்பார்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். பிறகு கல்யாணமாகி ஊர்ப் பக்கமே போய்விட்டாள். போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்கிற வழக்கம் அப்போது எனக்கு இல்லை.

கண்ணாடி அறை இப்போது தேர்வு அலுவலகம். பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் பேக்கரி. கனகராஜ் சார் ஓய்வு பெற்று கொமரலிங்கத்தில் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நெல்லுக்கு வந்த நோயைப் போனில் எப்படித் தேடுவது என்று போன மாதம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், யாரிடமும் கையெழுத்து வாங்காமல். இடம் போதவில்லை என்று மாணவர் ஆய்வுகளையெல்லாம் ஒரு கோடை விடுமுறையில் பழைய பேப்பர் லாரியில் ஏற்றிவிட்டார்கள். எஸ்தருடையதும் அதில் போயிருக்கும்.

செய்தித்தாளில் சுற்றியதை என்ன செய்தேன் என்று சொல்லாவிட்டால் இத்தனையும் எழுதிப் பிரயோஜனமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் பீரோவில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை மர நாற்காலியில் உட்கார்ந்து, ஒருமுறைகூட நெளியாமல் வீடு திரும்பிய முதல் நாள் அது. துவைத்துத் துவைத்துக் கொசுவலை மாதிரி ஆகும்வரை அதை விடவில்லை. எஸ்தரிடம் சொல்லியிருக்கலாம். அதற்கும் வெட்கப்பட்டேன்.

இப்போது என் போனில் எந்த வார்த்தையையும் தட்டலாம், தடுக்க ஆளில்லை. லட்சக்கணக்கில் வருகின்றன. விதவிதமாக வாங்கியும் பார்த்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் எல்லாமே அறுக்கின்றன. அது மாதிரி ஒன்று எங்கேயும் இல்லை.